தடை: இல்லை

"அக்கா, பேனாவுல மை இருக்கா?"

கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான் தம்பி. ஆலயத்தின் பின்னறை அது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அங்கிகள் தொங்கும் ஆணிகள், ஒரு மர அலமாரி. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் அக்கா அங்கேதான் இருப்பாள் என்பது சபை முழுவதற்கும் தெரியும்.

"மை இருக்கு. நீ என்ன இந்தப் பக்கம்? இங்க மாடியும் கிடையாது, லிஃப்ட்டும் கிடையாது" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். தம்பிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை.

"ஓலை எழுதணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். 'உனக்கு எப்பதான்டா?' என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

ஓலை என்று பெயர்தானே தவிர, அது ஒரு நீளமான பதிவேடு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு நடுவில், போதகர் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் வாசித்து, இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். பெயர்களுக்கு எதிரே மூன்று ஞாயிறுக்கும் மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 'தடை' என்று அச்சடித்திருக்கும். பக்கத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறவள் அக்கா. அதனால் சபையில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் ஓலை அக்கா.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் சனிக்கிழமையே மூன்று கட்டத்திலும் 'இல்லை, இல்லை, இல்லை' என்று ஒரே மூச்சில் எழுதி வைத்துவிடுவாள். "எவன் எழுந்திரிச்சு என்னத்தச் சொல்லப் போறான்? மூணு வாரம் மூணு தடவை பேனாவைத் திறக்கணுமா?" என்பாள். அதுவும் உண்மைதான். போதகர் கேட்ட பிறகு வரும் அந்த அமைதியில் இத்தனை வருஷமாகக் கேட்ட ஒரே சத்தம், ஓய்வுபெற்ற தபால்காரரின் இருமல். அவர் வேண்டுமென்று இருமுவதில்லை. சத்தமில்லாத இடத்தைக் கண்டால் அவர் தொண்டைக்குப் பொறுக்காது. அந்த இருமலில் எத்தனை பெண்களுக்கு உயிர் போய் உயிர் வந்ததோ!

"பொண்ணு யாருடா?"

தம்பி சொன்னான். அக்காவுக்கும் தெரிந்தவள்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரக வார்டு நர்ஸ். இந்த ஆலயத்தில் ஞாயிறு காலை ஊரின் பொது மொழியில் ஓர் ஆராதனையும், அது முடிந்து தமிழில் ஓர் ஆராதனையும் நடக்கும். நர்ஸ் முதலாவதற்கு வந்து, இரண்டாவதற்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பொடிப்பொடியாகப் பின்னிய தலைமுடி, கன்னங்கரேலென்ற மினுங்கும் முகம். கடல் தாண்டிய வேறொரு சனம்.

"அவ நம்ம ஆளு இல்லியே."

"நம்ம சபை ஆளுதானே?"

"சபை வேற, சனம் வேற."

"ஞானஸ்நானம் எடுத்தவ. நான் கொட்டாவி விடுற ஜெபத்துலகூட அவ கண்ணைத் திறக்கமாட்டா. இன்னும் என்னக்கா வேணும்?"

"அந்நிய நுகம்டா அது. ஒண்ணோட ஒண்ணு பிணையாது."

"அப்பா மாதிரியே பேசுற."

"அப்பா பேச்சு இல்ல. வேதப் பேச்சு."

தம்பி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, நான் உன்கூடச் சண்டை போட வரலை. ஓலையை நீதான் எழுதணும். மூணு கட்டத்துலயும் உன் கையால இல்லைன்னு எழுதினாத்தான் இந்தக் கல்யாணம். வேற யாராவது எழுதித் தந்தா எனக்கு வேண்டாம். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"நான் எழுதலைன்னா?"

"எழுதுற வரைக்கும் இருப்போம்."

அக்கா எழுதினாள். இரண்டு பெயர்களையும் எழுதினாள். முதல் கட்டத்தில் 'இல்லை.' இரண்டாவது கட்டத்தில் 'இல்லை.' மூன்றாவதில் பேனா முனை தாளைத் தொட்டு, சின்னதாக ஒரு மைப்புள்ளி வைத்து, நின்றது.

"மிச்சத்தை அப்புறம் எழுதுறேன்" என்றாள்.

தம்பி அந்தப் புள்ளியைப் பார்த்தான். எழுந்து போனான்.

அவனுக்குத் தெரியாது. அது நடந்தபோது அவனுக்கு ஏழு வயது.

அக்காவுக்கு இருபத்து நான்கு. அவள் மனதில் இருந்தவர் ஒரு வெல்டர். பஸ் பணிமனையில் வேலை. அவரும் வேறு சனம்தான். நர்ஸ் உட்காரும் அதே கடைசி பெஞ்சில்தான் அவரும் உட்கார்வார். கைகளில் பொறி பட்டுப் பட்டு, சின்னச் சின்னதாக வெளுத்த புள்ளிகள். தமிழில் நான்கு வார்த்தை கற்றுக்கொண்டு, அந்த நான்கையும் வைத்தே அவளைச் சிரிக்கவைப்பார். "மழை. குடை. நீ. வா." அவ்வளவுதான் அவர் தமிழ். அந்த வருஷம் மழையும் நிறையப் பெய்தது.

இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து, ஓலைக்குப் பெயர் கொடுப்பதற்காக அவர் பழைய போதகரிடம் போனார். அன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"போதகரைப் பார்த்துட்டு வரேன். ஓலை வாசிக்கமாட்டாராம். வேதத்துக்கு விரோதம்னு சொல்லிட்டாரு. அந்நிய நுகமாம்."

"அவரேவா சொன்னாரு?"

"நான் என்ன, பொய்யா சொல்றேன்?"

அப்பா மறுத்திருந்தால் அழுதிருப்பாள், பட்டினி கிடந்திருப்பாள், ஓடிக்கூடப் போயிருப்பாள். ஆண்டவரே மறுத்த பிறகு எங்கே ஓடுவது? பேசாதே என்றார் அப்பா, பேசவில்லை. பார்க்காதே என்றார். மறுநாள் ஆராதனையில் வெல்டர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஓலை வாசித்தார்கள், வேறு யாருடைய பெயர்களோ. வாசித்து முடித்ததும் அவர் எழுந்தார். நடுவழியில் நின்று அவள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்ப்பது தெரிந்தே அவள் பாட்டுப்புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்த மாதமே ஊரைவிட்டுப் போய்விட்டாராம். கப்பல் கட்டுகிற இடம் எங்கேயோ என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்த வரன்களுக்கெல்லாம் அவள் தலையை ஆட்டவில்லை. தம்பியை வளர்க்கணும் என்றாள். யாரும் வற்புறுத்தவில்லை.

அப்பா படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என் பேச்சைக் கேட்ட பொண்ணும்மா" என்றார்.

"உங்க பேச்சு இல்லப்பா. ஆண்டவர் பேச்சு."

அப்பா கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பாவம், களைப்பு என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

இப்படிக் கீழ்ப்படிந்து கழித்தது முப்பத்தோரு வருஷம். இப்போது தம்பிக்கு எல்லாம் சரியென்றால், அவளுக்கு மட்டும் என்ன சரியில்லாமல் போயிற்று? இந்தக் கேள்வி வாசல்வரை வரும். அவள் கதவைத் திறக்கமாட்டாள். மூன்றாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினால் திறந்துவிட்டமாதிரிதான்.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். தபால்காரர் இருமினார். வெளியே வந்ததும் பாடகர் குழுவின் மூத்த பாடகி அக்காவின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஓலை அக்கா, இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் எழுதினீங்க. கடைசியில உங்க வீட்டு ஓலைதான் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வச்சிருக்கு!"

"நிமிர்ந்து உட்கார்றது முதுகுக்கு நல்லதுதானே."

"கோவிச்சுக்காதீங்க. ஆண்டவர் கண்ணுக்கு எல்லாரும் ஒண்ணுதான். நம்ம கண்ணு ஆண்டவர் கண்ணு இல்லியே, அதான் சொல்றேன். நாளைக்குப் பிள்ளைங்க எந்தக் கலர்ல..."

"உங்க தலைமுடி மாசத்துக்கு ஒரு கலர் மாறுது. நாங்க ஏதாச்சும் கேட்டோமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. அந்த அம்மாள் வாய்விட்டுக் கேட்டதையேதான் அவள் மூன்றாவது கட்டத்தில் பேசாமல் கேட்டு வைத்திருக்கிறாள்.

இரண்டாம் ஞாயிறும் போயிற்று. மூன்றாவதுக்கு முந்தின புதன்கிழமை, நர்ஸ் அக்காவின் கடைக்கு வந்தாள்.

வார நாட்களில் அக்கா ஒரு சலவைக் கடையில் கறை எடுக்கிறவள். முன்பக்கம் துணி வாங்கும் மேசை, பின்பக்கம் நீராவி. நீராவிக்கு இந்தப் பக்கம், ஜன்னலோரத்தில் அவளுடைய இடம். வெள்ளை மேசை, தூக்கிக்கட்டிய விளக்கு, வரிசையாகக் குப்பிகள், பல் துலக்கும் பிரஷ் மாதிரி நான்கு பிரஷ்கள். எண்ணெய்க்கு ஒரு குப்பி, ரத்தத்துக்கு ஒரு குப்பி, மைக்கு ஒரு குப்பி.

"அக்கா" என்றாள் நர்ஸ். அந்த ஒரு வார்த்தையை அவள் தமிழில் சுத்தமாகச் சொல்வாள். மற்றதெல்லாம் ஊரின் பொது மொழியில்தான். "இது எங்கம்மா கல்யாணத்துல போட்ட உடுப்பு. இடுப்புல ஒரு கறை. நீங்க பார்த்தா போகும்னு அவர் சொன்னாரு."

வெள்ளை உடுப்பு. இடுப்புப் பட்டியில், மறந்துபோன ஒரு ஊசி இருந்த இடத்தில், செம்பழுப்பாக ஒரு கோடு.

"துரு" என்றாள் அக்கா. "எத்தனை வருஷமாச்சு?"

"என் வயசோட ஒண்ணு கூட்டிக்கோங்க. முப்பத்தாறு."

அக்கா உடுப்பைத் திருப்பி, உள்பக்கத் தையலில் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள். வெளியே தெரியாத இடத்தில் சோதித்துவிட்டுத்தான் கறையில் கை வைக்க வேண்டும். துணி தாங்கியது. பிறகு விளக்கை இழுத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு சொட்டு, ஒரு ஒற்றல், மறுபடி ஒரு சொட்டு. நர்ஸ் மேசையின் ஓரத்தில் கை வைத்து நின்றாள். ஒட்ட வெட்டிய நகங்கள். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போகாத மருந்து வாசனை.

"உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் நர்ஸ்.

"பிடிக்கலைன்னு யார் சொன்னது?"

"கட்டம் காலியா இருக்காமே."

அக்கா ஒற்றுவதை நிறுத்தவில்லை.

"எங்கம்மா அடிக்கடி ஒரு கதை சொல்வாங்க. வேதத்துல வர்றதுதான், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். சனத்தையெல்லாம் நடத்திக்கிட்டுப் போன தலைவர் ஒரு கறுப்பு தேசத்துப் பொண்ணைக் கட்டியிருந்தாரு. அவரோட அக்காவுக்கு அது பிடிக்கலை. முணுமுணுத்தாங்க. ஆண்டவருக்குக் கோவம் வந்து, அந்த அக்கா உடம்பு முழுசும் குஷ்டத்துல வெளுத்துப் போச்சு."

"தெரியும்" என்றாள் அக்கா. "அதைச் சொல்லத்தான் வந்தியா? எனக்கும் வெளுக்கும்னா?"

"ஐயோ, இல்ல அக்கா!" நர்ஸ் பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "எல்லாரும் கதையை அந்த இடத்துலயே நிறுத்திடுவாங்க. எங்கம்மா நிறுத்தமாட்டாங்க. அந்த அக்காவை ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே வச்சிருந்தாங்க இல்லியா, அந்த ஏழு நாளும் ஒருத்தர்கூட கூடாரத்தைக் கழட்டலையாம். அத்தனை சனமும், ஆடு மாடு குழந்தை குட்டியோட, ஒரு அக்கா திரும்பி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்துச்சாம். எங்கம்மாவுக்குப் பிடிச்ச இடம் அதுதான். எனக்கும் அதுதான். அதனாலதான் அவர்கிட்ட சொன்னேன், நாம அக்காவுக்காக இருப்போம்னு."

மணிக்கட்டின் மேல் அந்தக் கை இன்னும் இருந்தது. அக்கா அதையே பார்த்தாள். ஒரு காலத்தில் இதே நிறத்தில் ஒரு கை, பொறி பட்ட புள்ளிகளோடு, அவள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

"முழுசா போகாது" என்றாள், உடுப்பைக் காட்டி. "பழைய துரு. நூலுக்குள்ள இறங்கிடுச்சு. பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் தெரியும்."

"பக்கத்துல நிக்கப்போறது உங்க தம்பி ஒருத்தர்தானே. அவருக்கு எதிர்ல இருக்கிற லிஃப்ட் தவிர எதுவும் கண்ணுல படாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சிரித்ததில் அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது.

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் போதகர் பின்னறைக்கு வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். சபைக்கு வந்து மூன்று வருஷம். அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, நாளைக்கு மூணாவது ஞாயிறு. கட்டம் காலியா இருக்கே. உங்க கையில இப்படி ஒரு காலிக் கட்டத்தை நான் பார்த்ததே இல்ல."

"தடை இருக்கு, ஐயா."

"என்ன தடை?"

"வேதம். அந்நிய நுகம்."

போதகர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அது விசுவாசத்தைப் பத்தின வார்த்தைக்கா. தோலைப் பத்தி அதுல ஒரு எழுத்துகூட இல்ல. அந்தப் பொண்ணு விசுவாசி. உங்க தம்பியைவிட நல்ல விசுவாசின்னு நான் சொன்னா தம்பியே ஒத்துக்குவாரு."

"நீங்க இந்தக் காலத்து ஆளு. அப்படித்தான் சொல்வீங்க. இதே ஆலயத்துல பழைய போதகர் இதே காரணத்துக்காக ஒரு ஓலையை நிறுத்தியிருக்காரு."

"அவரா? இருக்காதே."

"இருக்கு. எனக்குத் தெரியும்."

"அப்படின்னா எழுதி வச்சிருப்பாரு. ஆலயத்துல ஒரு ஜன்னல் கண்ணாடி உடைஞ்சாக்கூட அரைப்பக்கம் எழுதுறவராச்சே. எந்த வருஷம்?"

அவள் சொல்லவில்லை. ஆனால் கண்கள் அலமாரியின் அடித்தட்டுக்குப் போயிருக்க வேண்டும். போதகர் குனிந்து, முதுகுத்தோல் கிழிந்த பச்சைப் பதிவேட்டை எடுத்தார். அலமாரிச் சாவி இருபத்திரண்டு வருஷமாக அவள் இடுப்பில்தான் இருந்தது. அந்தப் பச்சைப் புத்தகத்தை மட்டும் அவள் ஒருநாளும் தொட்டதில்லை. தூசி தட்டும்போதுகூட அதை விட்டுவிட்டுத் தட்டுவாள்.

"வேண்டாம் ஐயா. விடுங்க."

"ஒரு நிமிஷம்கா. காரணம் என்னன்னு பார்த்துடுவோம்." பக்கங்கள் புரண்டன. "ஆங், இதோ. 'வாசிக்கப்படவில்லை'ன்னு போட்டிருக்கு..." அவர் சத்தமாக வாசிக்க வாயைத் திறந்தார். பெயர்களைப் பார்த்தார். வாய் மூடியது. பார்வையைத் தூக்கி அவளைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார்.

"அக்கா..."

"வாசிங்க."

"நீங்களே பாருங்க."

புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பழைய போதகரின் சாய்வான கையெழுத்து. வெல்டரின் பெயர். அதன் கீழே அவளுடைய பெயர். முதல் கட்டத்தில், நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது:

'வாசிக்கப்படவில்லை. பெண்ணுக்குச் சம்மதமில்லை என்று பெண்ணின் தகப்பனார் நேரில் வந்து தெரிவித்தார். நிறம் நம் சபையில் ஒரு தடையாகாது என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். நிறம் அல்ல, என் மகளின் மனமே தடை என்றார். மாப்பிள்ளைக்கு இன்று மாலை தெரிவிக்கப்பட்டது.'

கீழே அப்பாவின் கையெழுத்து. அந்தக் கடைசி எழுத்தை மேலே சுழித்து முடிக்கும் அதே கையெழுத்து.

அக்கா ஒருமுறை வாசித்தாள். விரலை வைத்து, எழுத்துக்கூட்டி வாசிக்கிற குழந்தைபோல மறுபடி வாசித்தாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரிவிக்கப்பட்டது" என்றாள். "ஐயா, அவருகிட்ட சொல்லியிருக்காங்க. நான் வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லியிருக்காங்க."

"ஆமாக்கா."

"சனிக்கிழமையே சொல்லியிருக்காங்க. அப்புறமும் ஞாயித்துக்கிழமை வந்தாரே. புதுச்சட்டை போட்டுக்கிட்டு." அவள் குரல் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ஏதோ கணக்கு ஒப்புவிப்பதுபோல வந்தது. "நம்பாம வந்திருக்காரு. என் முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு வந்திருக்காரு. நின்னு பார்த்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

போதகர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் ஆண்டவருக்குக் கீழ்ப்படியுறேன்னு நினைச்சேன் ஐயா. அவரும் அப்படித்தான் நினைச்சுப் போயிட்டாருன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியத்தை ஆண்டவருக்குக் கொடுத்தோம்னு இத்தனை வருஷம்..." நிறுத்தினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பழைய போதகர். தெருவுல நாலு வீடு தள்ளித்தானே இருந்தேன்."

"கேட்டிருக்கணும்" என்றார் போதகர். "தகப்பன் சொன்னா போதும்னு விட்டுட்டாங்க. அது சபையோட தப்பு. மன்னிக்கணும்னு சொல்றதுக்குக்கூட அவர் இப்ப இல்ல. அவருக்காக நான் கேட்கிறேன்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது களைப்பு இல்லை. போர்வையை இழுத்துவிட்டாளே, அந்த முகத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கக்கூடாதா?

"ஐயா, வேதம் என்னைத் தடுக்கவே இல்லையா?"

"இல்லக்கா."

அந்த 'இல்லை'யைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. தொங்கிக்கொண்டிருந்த அங்கி ஒன்றை இழுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் அந்த அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் போதகர்தான். அவர் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு அரைமணி முன்னால் அக்கா பின்னறைக்கு வந்தாள். புதுப் பதிவேட்டைத் திறந்தாள். முதல் சனிக்கிழமை வைத்த மைப்புள்ளி அப்படியே இருந்தது. அதிலிருந்தே தொடங்கி, மூன்றாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அவனுக்கு இல்லை. அந்தப் பெண்ணுக்கும் இல்லை. எழுதி முடித்ததும் கேள்வி வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வரட்டும் என்று விட்டாள்.

போதகர் வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். அமைதி. தபால்காரர் இருமினார். யாரோ சின்னதாகச் சிரித்தார்கள். அக்கா இந்தத் தடவை பாட்டுப்புத்தகத்தைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, உடம்பைத் திருப்பி, கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அங்கே தம்பியும் நர்ஸும் இருந்தார்கள். இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினாள். அக்கா அவளையும் பார்த்தாள், அவளைத் தாண்டி நடுவழியையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சாத்தியிருந்த கதவைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

ஆராதனை முடிந்து சனமெல்லாம் வெளியே போய்க் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் மறுபடி பின்னறைக்குப் போய்ப் பச்சைப் பதிவேட்டை எடுத்தாள்.

பதிவேட்டில் ஒருமுறை எழுதியதை அடிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது. எத்தனை பேருக்கு இதைப் பாடம் எடுத்திருக்கிறாள்! திருத்தித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான சொல், அதன் கீழே திருத்தியவர் கையெழுத்து, தேதி, ஒரு சாட்சியின் கையெழுத்து.

'பெண்ணுக்குச் சம்மதமில்லை' என்ற இரண்டு சொற்களின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் எழுதினாள்: 'தடை: இல்லை.' கையெழுத்துப் போட்டாள். இன்றைய தேதியைப் போட்டாள். போடும்போது, மேலே இருந்த தேதிக்கும் இதற்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது.

கதவருகே போதகர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"சாட்சிக் கையெழுத்து நான் போடட்டுமாக்கா?"

அக்கா அந்த இடத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம் ஐயா. அது அவர் போட வேண்டியது."

"அவர் எங்க இருக்காருன்னு..."

"தெரியாது. இருக்காரான்னே தெரியாது. இந்த இடம் இப்படியே இருக்கட்டும்."

போதகர் தலையசைத்துவிட்டு விலகினார். அவருக்குப் பின்னால் தம்பி எட்டிப்பார்த்தான். கழுத்துப்பட்டை கோணலாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! இங்க என்ன பண்ற? எல்லாரும் உனக்காக நிக்குறாங்க. அவ வண்டியில ஏறவே மாட்டேங்கிறா. அக்கா வராம ஒரு சக்கரமும் உருளக் கூடாதாம்."

"நீங்க போங்கடா. நான் பூட்டிட்டு வரேன்."

"அதெல்லாம் முடியாது." உள்ளே வந்தவன் அவள் விரலைப் பார்த்தான். "கையெல்லாம் மை! அதான் எங்க கட்டம் மூணும் முடிஞ்சு போச்சே. இன்னும் யாருக்கு எழுதுற?"

"ஒரு பழைய ஓலை. தப்பா எழுதியிருந்துச்சு. திருத்தினேன்."

"பதிவேட்டைத் திருத்தக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நீ."

"கையெழுத்துப் போட்டுத் திருத்தலாம்."

"யாரோட ஓலை?"

அக்கா அவன் கழுத்துப்பட்டையை நேராக்கிவிட்டாள். ஏழு வயதிலும் அப்படித்தான் நிற்பான், முகவாயைத் தூக்கிக்கொண்டு.

"உனக்குத் தெரியாதவங்கடா" என்றாள்.

"அவங்க கல்யாணம் நடந்துச்சா?"

வெளியே வண்டியின் ஹாரன் ஒருமுறை அடித்தது. பிறகு நர்ஸின் குரல், சனத்தின் இரைச்சலுக்கு மேலே, அவளுக்குச் சுத்தமாக வரும் அந்த ஒரு வார்த்தையில் கூப்பிட்டது.

"மை காயட்டும்" என்றாள் அக்கா. "காய்ஞ்சதும் வரேன். ஒரு நிமிஷம் நில்லு."

தம்பி நின்றான். அவள் திறந்த பக்கத்தின் மேல் குனிந்து, மெதுவாக ஊதிக்கொண்டிருந்தாள்.